பொது ஃபோல்டர்

— இருக்கு வாலு. என் கண்ணு முன்னாடி இருக்கு. 'பால்கனி அஞ்சடி'ன்னு பேர் போட்டு.

— எங்க இருக்கு?

— உன் கம்ப்யூட்டர்லதான். 'பொது'ங்கிற ஃபோல்டர்ல.

— அண்ணா, என் கம்ப்யூட்டர் முன்னாடிதான் நான் உக்காந்திருக்கேன். அதே ஃபோல்டரத்தான் தொறந்து வச்சிருக்கேன். இங்க 'பால்கனி மூணடி' இருக்கு. பழைய படம். அஞ்சடி இல்ல.

— நல்லா பாரு.

— அன்னைலேருந்து இதையே சொல்ற. நல்லா பாத்திருந்தா சைட்டுல வேலை செஞ்ச அந்த ஆளு கால் முறிஞ்சிருக்காது. அதான?

— நான் அப்படிச் சொல்லலம்மா.

— என்கிட்ட சொல்லல. கட்டடத்து ஓனர்கிட்ட சொன்ன. 'பால்கனிய அஞ்சடியா மாத்தி வரைஞ்சு அப்பவே போட்டுட்டேன், கணக்கு பாக்குற தங்கச்சிதான் கவனிக்காம மூணடிக்கு உள்ள கம்பியையே எழுதிக் குடுத்துட்டா'ன்னு. கதவு தொறந்துதான் இருந்துச்சு.

— சரி விடு.

— விடத்தான் போறேன். எதை விடுறேன்னு தெரிஞ்சுட்டு விடுறேன்.

— மெதுவா பேசுங்க ரெண்டு பேரும். குழந்தைக்கு இப்பத்தான் காய்ச்சல் இறங்கி கண்ண மூடியிருக்கு. முன்னறையில என் வீட்டுக்காரர், பின்னறையில என் நாத்தனார், நடுவுல நான் துணி மடிச்சிட்டு. கத்துறதுக்கு ஃபோன்ல பேசினா என்ன?

— உங்க வீட்டுக்காரர் ஃபோன அணைச்சு வச்சிருக்காரு அண்ணி. ஓனர் கூப்பிடுவாராம்.

— அந்த மனுஷன் சாயங்காலம் நேர்லயே வரப்போறாரு, இன்ஜினியரக் கூட்டிக்கிட்டு. ஃபோன அணைச்சா வாசல் பெல் அடிக்காதாங்க?

— நீ வேற. துணிய மடி.

— மடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க சட்டை எல்லாத்துலயும் பேனா மை. நாத்தனாரே, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அது என்ன 'பொது'?

— என் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர் அண்ணி. அண்ணன் அங்க படம் வரைஞ்சா, அங்கேர்ந்தே இதுக்குள்ள போடுவான். வயர் வழியா வந்துடும். நான் அதப் பாத்து எத்தனை கம்பி, என்ன கனம்னு கணக்கு எழுதுவேன். எழுந்து நடக்க வேணாம்.

— சமையக்கட்டு ஜன்னல்ல நான் தட்ட வைக்கிறேன், நீ அந்தப் பக்கம் நின்னு எடுத்துக்கிற. அந்த மாதிரி.

— அதே மாதிரி. இந்தத் தடவ நீங்க வச்சேன்னு சொல்றீங்க, ஜன்னல் காலியா இருக்கு.

— வச்சேன்னுதான் அவரும் சொல்றாரு பாவம். ராத்திரியெல்லாம் தூங்கல. புரண்டு புரண்டு படுக்கிறாரு. நாலு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது.

— எனக்கு மட்டும் இறங்குதா? நான் ஒத்துக்கிட்டேன் அண்ணி. ஆஸ்பத்திரியில அந்த ஆளோட சம்சாரம் என் கையப் பிடிச்சுக்கிட்டு கேட்டாங்க, 'யாரு தப்பும்மா இது'ன்னு. என்னோடதுன்னு சொல்லிட்டேன்.

— அத எதுக்கு நீ சொன்ன?

— பின்ன யாரு சொல்றது அண்ணா? கான்கிரீட்டுக்கு அடியில குடுத்த முட்ட பிரிக்கும்போது பால்கனி இறங்கினா, கம்பி பத்தலன்னு அர்த்தம். கம்பி எழுதினது நான். அவங்க திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. 'நீங்களாவது வந்து நின்னீங்களே'ன்னு எனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க. குடிக்காம கையிலயே வச்சிருந்தேன்.

— அன்னைக்கு இவரும் வந்திருக்கணும். கை நடுங்குது, வண்டி ஓட்ட முடியாதுன்னு இந்த நாற்காலியிலயே உக்காந்துட்டாரு. கதவையும் சாத்திக்கிட்டாரு.

— நடுங்கிச்சு. உண்மையிலேயே நடுங்கிச்சு.

— யார் இல்லைன்னா? அண்ணா, ஒண்ணொண்ணா பாப்போம். நான் பாக்காம விட்டேன்னா, எதைப் பாக்காம விட்டேன்னு என் கண்ணால ஒரு தடவ பாக்கணும். அவ்வளவுதான். முதல்ல ரெஃப்ரெஷ் குடு.

— குடுத்துட்டேன். இருக்கு.

— நானும் குடுத்துட்டேன். இல்ல. ரூட்டர அணைச்சுப் போட்டாச்சா?

— காலையிலயே. குழந்தை கார்ட்டூன் நின்னு போச்சுன்னு அழுதான்.

— ஃபயர்வால் அணைச்சேன், ஒண்ணும் ஆகல. நெட்வொர்க் 'பிரைவேட்'னு இருக்கா, 'பப்ளிக்'னு இருக்கா?

— பிரைவேட்.

— இங்கயும் அதான். பாஸ்வேர்ட் ஏதும் கேக்குதா?

— ஒண்ணும் கேக்கல. தட்டினா தொறக்குது. உன் ஃபைல் எல்லாம் தெரியுது. 'பள்ளிக்கூட மாடி', 'டாக்டர் வீட்டுத் தண்ணித் தொட்டி', உன் கல்லூரி போட்டோ ஒண்ணு, ரெட்டை ஜடையோட.

— அத நான் அழிச்சிட்டேனே.

— அழிக்கல. இருக்கு. பல்லெல்லாம் தெரியுது.

— போன மாசமே அழிச்சேன் அண்ணா. இங்க இல்ல.

— இங்க இருக்கு.

— இரு. ஒண்ணு செய்யறேன். 'பொது'வுக்குள்ள புதுசா ஒரு ஃபோல்டர் போடுறேன். பேரு 'கழுதை'.

— ஏன் கழுதை?

— நீ மறக்காம இருக்கத்தான். போட்டுட்டேன். தெரியுதா?

— தெரியல.

— ரெஃப்ரெஷ்.

— குடுத்தேன். கழுதைய காணோம்.

— இப்ப நீ ஒண்ணு போடு.

— 'வாலு'ன்னு போட்டிருக்கேன்.

— இங்க வாலும் இல்ல, தலையும் இல்ல.

— கழுதையையும் வாலையும் தேடத்தான் ரெண்டு பேரும் பட்டம் வாங்கினீங்களா?

— சிரிக்காதீங்க அண்ணி, வேலை இருக்கு உங்களுக்கு. நான் கத்தினா குழந்தை எழுந்துடும். நீங்க போய் அண்ணன் பக்கத்துல நின்னு, அங்க என்ன தெரியுதோ அத எனக்கு வந்து சொல்லுங்க.

— நான்தான் வயரா இப்ப? சரி, சொல்லு.

— நான் என் கம்ப்யூட்டர் வயர புடுங்கிட்டேன். வைஃபையும் அணைச்சாச்சு. இது இப்ப தனி மரம். அங்கேர்ந்து தேடினா 'பொது' தெரியவே கூடாது. பாத்துட்டு வாங்க.

— ஏங்க, அவ வயர புடுங்கிட்டாளாம். உங்களுக்கு 'பொது' தெரியக் கூடாதாம்.

— தெரியுதே.

— நாத்தனாரே, தெரியுதாம்.

— மூடிட்டு மறுபடி தொறக்கச் சொல்லுங்க.

— மூடிட்டுத் தொறங்களாம்.

— தொறக்குது. பால்கனி படமே தொறக்குது. இந்தா, நீயே பாரு.

— நானே பாத்துட்டேன் நாத்தனாரே. கோடு கோடா பால்கனி படம். அஞ்சடின்னு அம்புக்குறி போட்டிருக்கு. சத்தியமா.

— வயர் என் கையில இருக்கு அண்ணி. என் வீட்டுக் கதவ நான் பூட்டிட்டேன். உங்க புருஷன் உள்ள உக்காந்திருக்கேன்னு சொல்றாரு. அப்ப அவரு உக்காந்திருக்கிறது யார் வீட்டுல?

— எனக்கு எப்படித் தெரியும்? நீயே வந்து பாரு.

— வந்துட்டேன். எழுந்திரு அண்ணா. நாற்காலிய விடு.

— எதையும் அழிச்சிடாத.

— அழிக்கல. இது பேரு என்னன்னு பாக்கணும்.

— எது பேரு?

— இந்தக் கம்ப்யூட்டர் பேரு. உன்னோடதுக்கு 'முன்னறை'ன்னும் என்னோடதுக்கு 'பின்னறை'ன்னும் நான்தான் வச்சேன். ஒண்ண ஒண்ணு பேர் சொல்லித்தான் கூப்பிடும். அடக் கடவுளே.

— என்ன?

— படி.

— 'பின்னறை'.

— என்னோட பேரு. இதுக்கும் அதே பேரு.

— அது எப்படி?

— நான்தான் அண்ணா. உன் டிஸ்க் செத்துப் போச்சு இல்ல. எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஏத்த சோம்பலா இருந்துச்சு. என் டிஸ்க்க அப்படியே ஒரு காப்பி எடுத்து உன்னோடதுல போட்டேன். சாஃப்ட்வேர், ஃபோல்டர், ரெட்டை ஜடை போட்டோ, எல்லாம் சேந்து வந்துடுச்சு. பேரும் வந்துடுச்சு. மாத்தணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்.

— அதனால?

— நீ 'பின்னறை'ன்னு கூப்பிட்டா இதுவே 'நான்தான்'னு எந்திரிச்சு நிக்குது. உன் 'பொது'வையே உனக்குக் காட்டுது. என்னோடது என்னை எனக்கே காட்டுது. ரெண்டும் கண்ணாடி பாத்துக்கிட்டு இருந்திருக்கு.

— அப்ப நான் போட்டது?

— உன் மடியிலயே விழுந்திருக்கு. என்கிட்ட வரவே இல்ல.

— நடுவுல வேற வேலையெல்லாம் செஞ்சோமே. அப்ப தெரியலயா?

— நடுவுல என்ன செஞ்சோம்? கடைத்தெரு வேலைய பென்டிரைவ்ல குடுத்த. கல்யாண மண்டபத்துக்கு நான் உன் பக்கத்துலயே உக்காந்து எழுதினேன். அந்தக் காப்பி எடுத்ததுக்கு அப்புறம் 'பொது' வழியா வந்திருக்க வேண்டிய முதல் ஃபைல் இந்த பால்கனிதான்.

— இருங்க, எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. இவரு வச்சாரு. ஆனா ஜன்னல் வழியா போகல.

— ஜன்னல்னு நெனச்சு தன் அலமாரியிலயே வச்சிருக்காரு அண்ணி. அந்த அலமாரிய ஜன்னல் மாதிரி செஞ்சு வச்சது நான்.

— அப்ப யார் மேலயும் தப்பில்ல!

— சரி விடு வாலு. மிஷின் கோளாறு. உன் தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல. ஓனர் வந்தா அப்படியே சொல்லிடலாம். அவரும் மனுஷன்தான.

— மிஷின் பேர் வச்சுக்கலண்ணா. நான் வச்சது. ஒரு எழுத்து மாத்தியிருந்தா உன் படம் எனக்கு வந்திருக்கும். கம்பிய ஏத்தி எழுதியிருப்பேன். அந்த ஆளு இன்னைக்கு வேலைக்குப் போயிருப்பாரு.

— எல்லாத்தையும் நீயே இழுத்துப் போட்டுக்காத.

— கொஞ்சம் பேசவிடு அண்ணா. எனக்கு இன்னொண்ணு சொல்லணும். அண்ணி, நீங்களும் இருங்க.

— துணி அப்புறம் மடிக்கிறேன். சொல்லு.

— ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தேன் இல்ல. உன் மெசேஜ் வந்துச்சு. 'பொதுவுல எப்பவோ போட்டுட்டேனே, நீ பாக்கலயா'ன்னு. பக்கத்துல மேஸ்திரி நின்னாரு. அவரு சொன்னாரு, 'அஞ்சடி பிளான அண்ணன் என் கையில குடுத்தப்பவே ஃபோன் போட்டுக் கேட்டேன்மா, கம்பி இதே போதுமான்னு. தங்கச்சி பாத்துட்டான்னு சொன்னாரு'ன்னு. நீ என்கிட்ட கேக்கவே இல்லையே அண்ணா.

— நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன்.

— அதான். எனக்கு அப்ப அப்படித் தோணல. நீ மேஸ்திரிக்குப் படத்தக் குடுத்துட்டு எனக்குப் போட மறந்துட்டன்னு தோணுச்சு. மறந்துட்டு, என் தலையில கட்டுறன்னு தோணுச்சு. சொந்த அண்ணனப் போய் அப்படி நெனச்சேன். அந்தம்மா குடுத்த டீய கையில வச்சுக்கிட்டு நெனச்சேன்.

— சரி விடும்மா.

— வீட்டுக்கு வந்து உன் முகத்தப் பாக்கல. நீ பேசினா 'ம்'னு மட்டும் சொன்னேன். நீ தூங்காம கிடந்ததெல்லாம் குத்தமுள்ள நெஞ்சுன்னு நெனச்சேன். மன்னிச்சிரு அண்ணா.

— விடுன்னு சொல்றேன்ல. எதுக்கு மன்னிப்பெல்லாம்.

— பாருங்க, கண்ணு கலங்குது இவருக்கு. எத்தனை நாளா ரெண்டு பேரும் நெஞ்சுல வச்சுக்கிட்டுப் புழுங்குனீங்க! ஒரு பேரு. ஒரு கம்ப்யூட்டர் பேரு.

— பேர மாத்திட்டேன். 'முன்னறை'. கம்ப்யூட்டர் அணைஞ்சு மறுபடி ஏறட்டும். அண்ணா, ஓனர்கிட்ட இத வாய் வார்த்தையா சொன்னா எடுபடாது. 'அண்ணனும் தங்கச்சியும் சேந்து கதை கட்டுறாங்க'ம்பாரு. ஆதாரம் வேணும்.

— என்ன ஆதாரம்?

— நீ எப்ப போட்டன்னு. கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடியே போட்டுட்டன்னு காட்டிட்டா, உன் பேர்ல ஒரு சொல் விழாது. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.

— தேதிதான் ஃபைல் பக்கத்துலயே தெரியுதே. கான்கிரீட்டுக்கு முந்தின வாரம். இத அப்படியே காட்டினா போதும்.

— அது நீ கடைசியா படத்துல கை வச்ச தேதி. ஃபைல எங்க தூக்கிட்டுப் போனாலும் அது மாறாது. ஃபோல்டருக்குள்ள அது எப்ப வந்துச்சுங்கிறது வேற தேதி.

— வேறயா?

— ஆமா. வெளிய தெரியாது. வலது பக்கம் தட்டி உள்ள போனா இருக்கும். தேதி, மணி எல்லாம்.

— மணியுமா?

— நிமிஷம் வரைக்கும். ஏன் அண்ணா?

— ஒண்ணும் இல்ல. அவ்வளவு தூரம் எதுக்குன்னு. ஓனருக்கு அதெல்லாம் புரியாது.

— கூட இன்ஜினியர் வர்றாரே, அவருக்குப் புரியும். நான் என் ரூம்லேர்ந்தே பாக்குறேன். வயர மாட்டிட்டு உன் 'பொது'வ அங்கேர்ந்து தொறந்தா, ஷேரிங் சரியாச்சான்னும் தெரிஞ்சுடும். அண்ணி, அப்பாடான்னு இருக்கு. இன்னைக்கு சாப்பிடுவேன்.

— சாப்பிடு, சாப்பிடு. ரெண்டு பேருக்கும் சேத்து சூடு பண்றேன். ஏங்க, நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்க. வேர்த்து ஊத்துது.

— ஃபேன் போடல.

— ஃபேன் ஓடுது.

— அண்ணா! 'முன்னறை' தெரியுது! தட்டினேன், தொறந்துடுச்சு! 'பொது'வும் வந்துடுச்சு! வாலு இருக்கு, ரெட்டை ஜடை இருக்கு. பால்கனி அஞ்சடி இதோ இருக்கு!

— மெதுவா நாத்தனாரே, குழந்தை!

— சரி, சரி. உள்ள போய்ப் பாக்குறேன்.

— அவள நிறுத்து.

— என்னங்க?

— அவள நிறுத்து. உள்ள போகவேணாம்னு சொல்லு.

— அண்ணன் என்ன சொல்றான் அண்ணி? இங்க ஃபேன் சத்தத்துல கேக்கல.

— இரும்மா, அப்படியே இரு, எதையும் தட்டாத! ஏங்க, என்ன ஆச்சு உங்களுக்கு? நீங்களே எழுந்து போய் சொல்லுங்களேன், பத்தடி தூரம்.

— என்னால முடியாது. நீ போய் சொல்லு.

— ஏன் வேணாம்னு கேப்பா. என்னன்னு சொல்ல?

— அவ ஆஸ்பத்திரியில அந்த ஆளு பக்கத்துல உக்காந்திருந்தா இல்ல, அப்பத்தான் நான் அத உள்ள போட்டேன்னு சொல்லு.